"விரல் அசையுதுல்ல... அப்போ ஒண்ணும் உடையல!" - முன்கை எலும்புகள் பற்றி நாம் தப்பாக நம்பும் விஷயம்

ஒரு சின்ன வேலை. போனை எங்கேயும் வைக்க வேண்டாம், கையில் பிடித்தபடியே செய்யலாம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். போனின் திரை மேலே கூரையைப் பார்க்கட்டும். இப்போது முழங்கையை நகர்த்தாமல், திரை தரையைப் பார்க்கும்படி கையைக் கவிழ்த்துங்கள். மறுபடியும் திருப்பி இங்கே வாருங்கள். அவ்வளவுதான்!

இரண்டு நொடி ஆகியிருக்குமா? இந்த இரண்டு நொடி வேலையை, போன வருடம் கிட்டத்தட்ட மூன்று மாதம் என்னால் செய்ய முடியவில்லை.

மழை நாள். ஸ்கூட்டியில் ஆபீஸிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் சாலை ஓரத்து மணலில் சக்கரம் வழுக்கியது. விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை. வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினேன். பின்னால் உட்கார்ந்திருந்த தோழி, தன் முழங்காலில் ரத்தம் வழிவதைக்கூடப் பார்க்காமல் முதலில் கேட்டது, "விரலை அசைச்சுக் காட்டுடி!" அசைத்தேன். ஐந்து விரலும் அசைந்தன. "அப்போ ஒண்ணும் உடையல, சுளுக்குதான்" என்று இரண்டு பேரும் நிம்மதியாகி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அம்மா எண்ணெய் தடவினார். பக்கத்து வீட்டு மாமா, "ரெண்டு நாள் நீவி விட்டா சரியாப் போயிடும்மா" என்றார். ஆறு நாள் போனது. வீக்கம் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து, பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே... ஆறு நாளா என்ன பண்ணிட்டு இருந்த?" என்றார் டாக்டர். பதில் சொல்லத் தெரியவில்லை. விரல் அசைந்ததே!

அன்று அந்த டாக்டர் மேஜையில் இருந்த இரண்டு பேனாக்களை எடுத்து விளக்க ஆரம்பித்தார். ஸ்கூலில் 'ரேடியஸ், அல்னா' என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்த விஷயம் எனக்கு உண்மையில் புரிந்தது அப்போதுதான். அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

உங்கள் கையிலேயே தேடிப் பாருங்கள்

தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்புதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான முன்கையில் மட்டும் இரண்டு எலும்புகள். இரண்டையும் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

மேஜையில் முழங்கையை ஊன்றும்போது குத்துமே, அந்தக் கூர்மையான முனை... அதுதான் அல்னாவின் மேல்முனை. அங்கிருந்து இன்னொரு கையின் விரலால் சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். தோலுக்கு அடியில் ஓர் எலும்பு, நூல் பிடித்த மாதிரி மணிக்கட்டு வரை தட்டுப்படும். முடிவில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். வாட்ச் கட்டும்போது சுண்டுவிரல் பக்கம் இடிக்கிற அதே உருண்டைதான். அதோடு அல்னா முடிந்தது.

ரேடியஸ் கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. டாக்டர்கள் நாடி பிடித்துப் பார்ப்பார்களே, அந்த இடத்தில் ரத்தக்குழாய்க்கு அடியில் கெட்டியாக இருப்பது ரேடியஸ்தான். இதன் மேல் பாதி தசைகளுக்குள் ஒளிந்திருப்பதால் சுலபமாகத் தட்டுப்படாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. முழங்கையை மடக்கி, அதன் வெளிப்பக்கம் இருக்கும் சின்னக் குழியில் இன்னொரு கையின் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். இப்போது உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஏதோ சுழல்வது தெரிகிறதா? அதுதான் ரேடியஸின் தலை.

பூக்கடை முழமும் மாட்டு வண்டிச் சக்கரமும்

பெயர்களைப் பார்த்து பயப்பட வேண்டாம். இரண்டுமே ரொம்ப சாதாரணமான சொற்கள்.

'அல்னா' என்றால் லத்தீனில் முழங்கை, முன்கை என்று பொருள். நீளத்தை அளக்கும் ஓர் அளவையாகவும் அந்தச் சொல் இருந்திருக்கிறது. நம்ம ஊர் பூக்கடையில் "முழம் எவ்ளோம்மா?" என்று கேட்கிறோமே, அதே கதைதான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அந்தக் கை, முழங்கை. உலகத்தின் இரண்டு மூலைகளில் இருந்தவர்கள் தங்கள் கையையே அளவுகோலாக வைத்து, ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது பழங்கதை மட்டும் அல்ல. எழுந்து நிற்க முடியாத நோயாளியின் உயரம் தெரிய வேண்டுமென்றால், மருத்துவமனைகளில் இன்றைக்கும் அல்னாவின் நீளத்தை அளந்து, அதற்கென்று இருக்கும் அட்டவணையைப் பார்த்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். வட்டத்தின் ஆரத்துக்கும் அதே சொல்தான். தமிழில் இந்த எலும்பை ஆரை எலும்பு என்றும், அல்னாவை அரந்தி எலும்பு என்றும் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஸ்கூலில் படித்த பெயர்களையே வைத்துக்கொள்வோம்.

ஒன்று முழங்கைக்கு, இன்னொன்று மணிக்கட்டுக்கு

இந்த இரண்டு எலும்புகளின் வடிவத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அல்னா மேலே பெரிது, கீழே சிறிது. ரேடியஸ் மேலே சிறிது, கீழே பெரிது. ஒன்றைத் தலைகீழாக வைத்த மாதிரி இன்னொன்று.

அல்னாவின் மேல்முனை, ஸ்பேனரின் வாய் மாதிரி வளைந்து, மேற்கை எலும்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அதனால் முழங்கை கதவுக் கீல் போல மடங்கும், நீளும். முழங்கை மூட்டு உறுதியாக நிற்பதற்கு முக்கியப் பொறுப்பு அல்னாவுடையது.

ரேடியஸின் தலையோ பட்டன் மாதிரி வட்டமானது. அதைச் சுற்றி ஒரு லிகமென்ட் வளையம் போட்டுப் பிடித்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் பட்டன் சுழல்கிறது. கீழே வந்தால் கதை மாறுகிறது. ரேடியஸின் அடிப்பகுதி அகலமாகி, மணிக்கட்டு எலும்புகளைத் தாங்கும் மேடையாகிறது. அல்னா மணிக்கட்டின் சிறு எலும்புகளை நேரடியாகத் தொடுவதுகூட இல்லை. நடுவில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கை ஒட்டிக்கொண்டிருப்பது ரேடியஸோடுதான். ரேடியஸ் எங்கே திரும்புகிறதோ, கையும் அங்கே திரும்பும்.

இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு கெட்டியான ஜவ்வு இருக்கிறது. எலும்புகள் விலகிப் போகாமல் பிடிப்பதும், ரேடியஸ் வாங்கும் சுமையில் ஒரு பங்கை அல்னாவுக்குக் கடத்துவதும் இதன் வேலை.

உள்ளங்கை எப்படித் திரும்புகிறது?

டாக்டர் பேனாக்களை வைத்துக் காட்டியது இதைத்தான். உள்ளங்கை மேலே பார்க்கும்போது ரேடியஸும் அல்னாவும் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்தால், அல்னா பெரும்பாலும் அதே இடத்தில் இருக்க, ரேடியஸ் அதன் மேல் ஏறிக் குறுக்கே படுத்துக்கொள்கிறது. பெருக்கல் குறி மாதிரி! அப்படி ஏறிப் போக இடம் வேண்டுமே... அதற்காகத்தான் ரேடியஸ் நேராக இல்லாமல் லேசாக வில் போல வளைந்திருக்கிறது. அந்த வளைவு ரொம்ப முக்கியம். பின்னால் மறுபடி இதற்கு வருவோம்.

உள்ளங்கையை மேலே திருப்புவது சுபினேஷன். கீழே கவிழ்ப்பது ப்ரொனேஷன். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 டிகிரி அளவுக்குத் திருப்ப முடியும். அன்றாட வேலைகளுக்கு இரண்டும் சேர்த்து சுமார் 100 டிகிரி இருந்தால் பெரும்பாலும் போதும் என்கிறார்கள்.

'இதுக்கு இவ்ளோ பில்டப்பா?' என்று தோன்றுகிறதா? ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் சாவியைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள், திருப்பம். குழாயிலிருந்து இரண்டு கை தண்ணீர் பிடித்து முகம் கழுவுகிறீர்கள், திருப்பம். தோசையைப் புரட்டிப் போடுகிறீர்கள், திருப்பம். டபராவில் காபியை ஆற்றுகிறீர்கள், திருப்பம். சாப்பாட்டைக் கையால் பிசையும்போது உள்ளங்கை கீழே பார்க்கிறது, அதையே எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது மேலே திரும்புகிறது. ஒரு தட்டு சாம்பார் சாதத்துக்கு எத்தனை முறை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜிம்மில் எல்லோரும் போட்டோ எடுக்கும் பைசெப்ஸ் இருக்கிறதே, அதற்கு மடக்குவது மட்டும் வேலை அல்ல. அது போய் ஒட்டியிருப்பது ரேடியஸில். அதனால் உள்ளங்கையை மேலே திருப்புவதிலும் அதுதான் பெரிய பலசாலி. முழங்கையை மடக்கி, மறு கையை பைசெப்ஸ் மேல் வைத்துக்கொண்டு உள்ளங்கையை வேகமாக மேலே திருப்பிப் பாருங்கள். தசை புடைப்பது தெரியும். வலது கையால் ஸ்க்ரூவை இறுக்குவதும் இதே திசைதான். வலது கைக்காரர்களுக்கு ஸ்க்ரூ இறுக்கும்போது பைசெப்ஸ் துணைக்கு வருகிறது.

எல்லா உயிர்களுக்கும் இந்த வசதி கிடையாது. குதிரைக்கு அல்னா சிறுத்துப்போய் ரேடியஸோடு ஒட்டிவிட்டது. ஓடுவதற்கு உறுதியான கால் கிடைத்தது, திருப்பும் வசதி போய்விட்டது. தவளைக்கு இரண்டும் சேர்ந்து ஒரே எலும்பு. பயாலஜி படித்தவர்களுக்கு 'ரேடியோ அல்னா' ஞாபகம் இருக்கலாம். மரக்கிளையைப் பிடித்துத் தொங்கும் குரங்குக்கும், ஸ்பேனர் பிடிக்கும் நமக்கும் இரண்டு எலும்புகளும் தனித்தனியாக, சுழலும்படி இருக்கின்றன.

விழுந்தால் முதலில் உடைவது எது?

உள்ளங்கையை ஊன்றி விழுகிறோம். அடி உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாக மேலே ஏறுகிறது. மணிக்கட்டுக்கு வரும் சுமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வாங்குவது ரேடியஸ். அதனால் பெரும்பாலும் உடைவதும் ரேடியஸின் கீழ்முனைதான். எலும்பு டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் முறிவுகளில் இது ஒன்று. எனக்கு உடைந்ததும் இதேதான்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1814-ம் ஆண்டிலேயே இந்த முறிவைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்! அதற்கு 81 வருடங்களுக்கு முன்பே, வெறும் கையால் தொட்டுப் பார்த்து, இது மூட்டு நழுவல் அல்ல, எலும்பு முறிவு என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் இதன் பெயர் 'காலிஸ் முறிவு'. உடைந்த துண்டு பின்பக்கம் சாய்வதால், பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல மணிக்கட்டு வளைந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் அப்படி வளைவு தெரியாது. வெறும் வீக்கமாக மட்டும் இருக்கலாம்.

சரி, உடைந்திருந்தும் என் விரல்கள் எப்படி அசைந்தன? விரல்களை இழுக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. எலும்பு உடைந்தாலும் கயிறு அறுவதில்லை. இழுத்தால் விரல் வரும். வலியோடு வரும், ஆனால் வரும். அதனால் 'விரல் அசைகிறதா' என்பது முறிவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே அல்ல. தசைநாணும் நரம்பும் வேலை செய்கின்றனவா என்று மட்டும்தான் அது சொல்லும்.

இங்கே அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது. பாத்ரூமில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு உடைந்தது என்றால், அதை 'கெட்ட நேரம்' என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். மாவுக்கட்டு போட்ட கையோடு, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறை விழும்போது உடைவது இடுப்பாக இருந்தால், அதன் கஷ்டம் வேறு.

கண்ணாடி வளையல் கணக்கு

ஒரு கண்ணாடி வளையலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் உடைக்கப் பாருங்கள். முடியாது. குறைந்தது இரண்டு இடத்தில் உடையும். முன்கையும் அப்படித்தான். மேலேயும் கீழேயும் சேர்ந்திருக்கும் இரண்டு எலும்புகள் ஒரு வளையம். நடுவில் ஒன்று உடைந்து விலகினால், இன்னொன்றும் உடைந்திருக்கலாம், அல்லது மூட்டில் நழுவியிருக்கலாம்.

அல்னா உடைந்து, முழங்கையில் ரேடியஸின் தலை நழுவுவது ஒரு வகை. இத்தாலியின் ஜியோவான்னி மோன்டேஜியா விவரித்தது. ரேடியஸ் உடைந்து, மணிக்கட்டுப் பக்கம் அல்னா நழுவுவது இன்னொரு வகை. இது இன்னோர் இத்தாலியரான ரிக்கார்டோ கலியாட்ஸியின் பெயரில் இருக்கிறது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் முறிவை மட்டும் சரிசெய்து, நழுவலை விட்டுவிட்டால் கை சரியாகத் திரும்பாது. முன்கையின் நடுவில் வலிக்கிறது என்றால்கூட, முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தெரியும்படி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான். 'பில் ஏத்துறாங்க' என்று சந்தேகப்பட வேண்டாம்.

பெரியவர்களுக்கு இரண்டு எலும்புகளும் நடுவில் உடைந்தால், பெரும்பாலும் பிளேட், ஸ்க்ரூ வைத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். "எலும்பு தானா கூடிடுமே, எதுக்கு ஆபரேஷன்?" என்று வீட்டில் கேட்பார்கள். எலும்பு கூடும், அது உண்மை. ஆனால் எப்படிக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. ரேடியஸின் வில் வளைவு ஞாபகம் இருக்கிறதா? அது மாறினால் அல்னா மேல் ஏறிப் படுக்க முடியாமல் முட்டிக்கொள்ளும். 10 டிகிரி வரை கோணல் இருந்தால் பெரிதாகத் தெரியாமல் போகலாம். 20 டிகிரி ஆகிவிட்டால் கை திரும்புவது கணிசமாகக் குறைந்துவிடும். காலில் எலும்பு கூடினால் நடந்துவிடலாம். முன்கையில் எலும்பு கூடினால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும்.

அல்னா மட்டும் தனியாக உடைந்தால்...

இதைச் சொல்லாமல் போக முடியாது. யாராவது அடிக்க வரும்போது தலையைக் காப்பாற்றிக்கொள்ள நாம் கையைத்தானே தூக்குவோம்? அப்போது அடி விழுவது அல்னாவின் மேல். மேலே தடவிப் பார்த்தோமே, அது தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, தசைப் பாதுகாப்பு குறைவு. அதனால் அல்னாவின் நடுப்பகுதி மட்டும் உடைந்திருந்தால், 'இது கீழே விழுந்ததால் வந்ததுதானா?' என்று விவரம் தெரிந்த டாக்டர் ஒரு நிமிடம் யோசிப்பார். தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்கவும் செய்வார். எல்லா அல்னா முறிவுக்கும் காரணம் அடி அல்ல. ஆனால் உங்கள் தோழி "படியில விழுந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கூட உட்கார்ந்து கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

குட்டிப் பசங்களைக் கையைப் பிடித்துத் தூக்காதீங்க!

குழந்தையின் இரண்டு கையையும் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, ரோட்டைக் கடக்கும்போது ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது... எல்லா அத்தை, சித்தப்பாக்களும் செய்வதுதான். ரேடியஸின் தலையைச் சுற்றி ஒரு லிகமென்ட் வளையம் இருக்கிறது என்று சொன்னேனே, ஐந்து வயதுக்குக் கீழ் அது கொஞ்சம் தளர்வாக இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அந்த வளையம் நழுவி மூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். குழந்தை அழும், அந்தக் கையைத் தொங்கப்போட்டுவிட்டு உபயோகிக்காது. வீக்கம் பெரிதாக இருக்காது. டாக்டரிடம் போனால், ஒரு திருப்பு திருப்பி சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். யூடியூப் பார்த்து நீங்களே முயற்சி செய்ய வேண்டாம், உள்ளே முறிவு இருந்தால் விபரீதமாகிவிடும். குழந்தையைத் தூக்க வேண்டுமா? அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள்.

குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. முழுதாக ஒடியாமல் ஒரு பக்கம் விரிசல்விட்டு, மறுபக்கம் வளைந்துபோகும். சீக்கிரம் கூடவும் செய்யும். ஆனால் மணிக்கட்டுப் பக்கம் எலும்பு வளரும் தட்டு இருப்பதால், 'சின்னப் பிள்ளைதானே, தானா சரியாயிடும்' என்று விடக் கூடாது.

நீவி விடுவதில் என்ன ஆபத்து?

பக்கத்து வீட்டு மாமாவின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உடைந்த எலும்பை நீவினால், விலகாமல் இருந்த துண்டுகூட விலகலாம். பக்கத்தில் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் அடிபடலாம். எக்ஸ்ரே பார்க்காமல் யார் கட்டுப் போட்டாலும், உள்ளே எலும்பு நேராக இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

இன்னும் பெரிய ஆபத்து, இறுக்கமான கட்டு. முன்கையின் தசைகள் உறை போட்ட மாதிரி அறை அறையாக இருக்கின்றன. அடிபட்டால் உள்ளே வீங்கும். வெளியே இறுக்கிக் கட்டியிருந்தால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை சாக ஆரம்பிக்கும். பிறகு அது சுருங்கி, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிடும். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோக்மான் 1881-ல் இதை விவரித்தார். மூங்கில் பத்தை வைத்த கட்டாக இருந்தாலும் சரி, பெரிய மருத்துவமனை மாவுக்கட்டாக இருந்தாலும் சரி, இறுக்கமானால் இந்த ஆபத்து உண்டு.

கட்டுப் போட்ட பிறகு இந்த அறிகுறிகள் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

- மாத்திரை போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி
- விரலை வேறொருவர் லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி
- விரல்களில் மரத்துப்போன உணர்வு, எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுப்பு
- விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ, சில்லென்று இருப்பது

விழுந்த உடனே என்ன செய்யணும்?

1. மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

2. கை எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள். வளைந்திருந்தால் நேராக்கப் பார்க்காதீர்கள்.

3. தடிமனான செய்தித்தாளையோ வார இதழையோ மடித்து, முன்கைக்கு அடியில் கொடுத்து, துணியால் லேசாகக் கட்டுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் அசையாமல் இருக்க வேண்டும். துப்பட்டாவைக் கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டிக் கையைத் தாங்குங்கள்.

4. ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். நேரடியாகத் தோலில் வேண்டாம். எண்ணெய், தைலம், நீவுதல் எதுவும் வேண்டாம்.

5. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், சுத்தமான துணியால் மூடி, 108-க்கு அழையுங்கள். உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது.

6. வீக்கமும், எலும்பின் மேல் ஓர் இடத்தில் அழுத்தினால் கூர்மையான வலியும், கையைத் திருப்ப முடியாமையும் இருந்தால், விரல் எவ்வளவு அழகாக அசைந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கட்டு பிரித்த பிறகுதான் பாதி வேலை

எனக்கு உடைந்த எலும்பை மயக்க மருந்து கொடுத்து இழுத்து நேராக்கி, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். முதல் நாளே வந்திருந்தால் நேராக்குவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். கட்டைப் பிரித்த அன்று 'அப்பாடா' என்று பஸ் ஏறினேன். கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டினார். நான் கையை நீட்டினேன். உள்ளங்கை பாதியில் நின்றுவிட்டது, மேலே திரும்பவே இல்லை. காசு பஸ் முழுக்க உருண்டது. "கையை நேரா நீட்டும்மா!" என்றார் அவர். நான் நேராக நீட்டித்தான் இருந்தேன். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்க்க முடியாவிட்டால், தோளைத் தூக்கி, முழங்கையை வெளியே தள்ளி ஓரளவு சமாளித்துவிடலாம். உள்ளங்கையை மேலே திருப்ப முடியாவிட்டால் தோளால் அந்த அளவுக்கு உதவ முடியாது. சில்லறை வாங்குவது, தண்ணீர் ஏந்துவது, திருநீறு வாங்குவது, தட்டை ஏந்துவது எல்லாம் நின்றுபோகும்.

அடுத்த ஆறு வாரம் பிசியோதெரபி. மடக்கிய முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையில் ஒரு நீளமான பென்சிலைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் மாதிரி மெதுவாக இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும். நாளுக்கு நாலைந்து முறை. கேட்க ரொம்ப சிம்பிள், செய்தால் கண்ணில் தண்ணீர் வரும். எப்போது தொடங்கலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோதான் சொல்ல வேண்டும். எலும்பு கூடுவதற்கு முன்பு அவசரப்பட்டால் வம்பு. கட்டு இருக்கும்போதே விரல்களையும் தோளையும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். அதை மட்டும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள், நான் விட்டேன்.

இப்போது என் கை முக்கால்வாசிக்கு மேல் திரும்புகிறது. கடைசிக் கொஞ்சம் இன்னும் வரவில்லை. அந்தக் கொஞ்சம், நான் வீணடித்த ஆறு நாளின் விலையாக இருக்கலாம்.

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தார். சுற்றி நின்ற எல்லோரும் ஒரே குரலில், "விரலை அசைச்சுக் காட்டுங்க ப்ரோ!" அவர் அசைத்தார். நான் அவருடைய மோதிரத்தைக் கழற்றி, கையில் இருந்த பத்திரிகையை மடித்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினேன். எக்ஸ்ரேயில் ரேடியஸ் உடைந்திருந்தது. விலகவில்லை. ஆபரேஷன் இல்லை, வெறும் மாவுக்கட்டுதான். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். கையை நீட்டி, எதுவரை திரும்புகிறது என்று காட்டினேன்.